டூல்டிப்புக்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

மேலூர்:
சனிக்கிழமை கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆர் (R) என்ற நிரல்மொழியில் பயிற்சி. கையேடு வெள்ளி காலை அச்சுக்குப் போகணும். வைகை அணை நீர்மட்டத்தை ஆரின் படம் வரையும் தொகுப்பான ஜிஜிபிளாட்டில் கோடாக வரைந்து, முழு நீர்மட்டமான 71 அடிக்கு ஒரு கிடைக்கோடு போட்டு, ஜிஜிபிளாட்லி என்ற கட்டளையிடம் கொடுத்தால், சுட்டிக்கு மறுமொழி தரும் ஊடாடும் படம் தயார். நீர்மட்டக் கோட்டின்மேல் சுட்டியை வைத்தால் "66 அடி, முதல் வெள்ள எச்சரிக்கை" என்று ஒரு கட்டம் எழும்புதே, அந்த டூல்டிப்புக்குத் தமிழில் என்ன பேர்? "கருவிக்குறிப்பு" என்று போட்டிருக்கேன். எனக்கே பிடிக்கலை.

செல்லூர்:
படத்தில் கருவி எங்கே இருக்கு? சுட்டுக்குறிப்பு என்று வையுங்கள். அ, இ, உ மாதிரி, சுட்டிக் காட்டுவதுதான் அதன் வேலை. ஊடாடும் என்பதும் நம்ம தறிச்சொல்தான்: பாவுக்குக் குறுக்கே போய்த் திரும்பும் நூல் ஊடை. ஊடலுக்கும் அதே வேர் என்பேன்.

திருமங்கலம்:
ஊடலைத் தறியில் ஏற்றாதீங்கண்ணே. குறளில் அதற்கு 133-ஆம் அதிகாரம் இருக்கு, அங்கே நூல் ஓடலை. சுட்டுக்குறிப்பு என்றால் யாரிடம் சுட்டது என்றுதான் பிள்ளைகள் கேட்கும். நிரலில் எழுதப்போவது டூல்டிப், அப்படியே விடுங்கள்.
ஒரு எச்சரிக்கை: எந்தத் தரவு படத்தில் எதுவாகும் என்று சொல்லும் ஏஸ்-க்குள், கட்டத்தின் வாசகத்தை டெக்ஸ்ட் என்று சேர்த்ததும் கோடு காணாமல் போகும். நாளுக்கு நாள் வாசகம் வேறு என்பதால் ஒவ்வொரு புள்ளியும் தனிக் குழு ஆகிவிடும்; ஒற்றைப் புள்ளிக்குக் கோடு ஏது? குரூப் = 1 என்று கூடவே எழுதுங்கள்.

மேலூர்:
கோடு வந்துவிட்டது. ஆனால் கட்டத்தில் ஆண்டு 0015 என்று நிற்குது.

திருமங்கலம்:
15-06-2023 என்பதை, எழுத்தைத் தேதியாக்கும் ஆஸ்.டேட்டிடம் வெறுமனே கொடுத்திருப்பீங்க. அது ஆண்டு-மாதம்-நாள் என்று படிக்கும். 15 ஆண்டு, 06 மாதம், 2023-இன் முதல் இரண்டு இலக்கமான 20 நாள். பிழைச்செய்தியும் வராது. ஃபார்மட்டில் நாள், மாதம், ஆண்டு வரிசையைச் சொல்லிவிடுங்கள்.

உசிலம்பட்டி:
சங்ககால வைகை!
சுட்டு பெயர்ச்சொல் என்றால் "க்" வேண்டும். வினைத்தொகை என்றால் ஊறுகாய் போல வலி மிகாது, சுட்டுகுறிப்புதான். கையேட்டில் இரண்டும் கலந்தால் தேடும்போது ஒன்று சிக்கும், மற்றது நழுவும். கைபேசியில் சுட்டியே கிடையாது, விரல்தான். தொடுகுறிப்பு என்றால் ஒற்றுத் தகராறும் இல்லை.

மேலூர்:
முதல் பக்கத்தில் ஒருமுறை டூல்டிப், பிறகெல்லாம் தொடுகுறிப்பு. அச்சுக்கு அனுப்பிட்டேன்.

செல்லூர்:
சுட்டி எதையும் தொடுவதில்லை. ஊடை பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.