ஃபிளாங்க் ஓப்பனிங் – பக்கவழித் தொடக்கம்

வணக்கம்.

சதுரங்க ஆட்டத்தின் முதல் நகர்த்தல்களை அமைக்கும் முறைகளுள் ஒன்றான ‘ஃபிளாங்க் ஓப்பனிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக இவ்விவாத இழையில் முன்வைக்கப்பட்ட ‘பக்கவாட்டுத் தொடக்கம்’, ‘விளிம்புத் தொடக்கம்’ ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. யானை நேராகவும் பக்கவாட்டிலும் நகரும் என்றுதான் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆகவே ‘பக்கவாட்டு’ என்றதும் காய் நகரும் திசையே அவர்கள் மனத்தில் எழும். விளிம்பு என்றாலோ ஓரக் கட்டங்கள் நினைவுக்கு வரும். இத்தொடக்கத்தின் இலக்கு நடுப்பலகைதான்; அங்கே சிப்பாய்களை உடனே நிறுத்தாமல், பக்கங்களில் அமர்த்திய காய்களால் அதைக் கட்டுப்படுத்தி, காலம் கனிந்தபின் திறப்பதே இதன் உயிர்.

1924இல் நியூயார்க் போட்டியில், எட்டு ஆண்டுகளாகத் தோல்வியே காணாதிருந்த உலக வாகையர் கபாபிளாங்காவை ரிச்சர்டு ரேட்டி வென்ற ஆட்டம் இதற்குச் சிறந்த சான்று. ரேட்டி முதலில் குதிரையை எஃப்3இல் வைத்தார் (எழுத்து நெடுவரிசையையும் எண் குறுக்குவரிசையையும் குறிக்கும்). சி4, பி4 எனச் சிப்பாய்களை நகர்த்தி, நான்காம் நகர்த்தலில் மந்திரியை (பிஷப்) பி2இல் அமர்த்தினார். வெள்ளைச் சிப்பாய் டி4ஐ எட்டியது 16ஆம் நகர்த்தலில்தான். நடுப்பகுதி திறந்ததும், அதுவரை பி2இலேயே காத்திருந்த மந்திரி 20ஆம் நகர்த்தலில் டி4க்குப் பாய்ந்து, அடுத்ததில் ஜி7இல் நின்ற கறுப்பு மந்திரியை வெட்டியது. அதைக் கறுப்பு ராஜா வெட்டியவுடன், வெள்ளை ராணி காலியாகியிருந்த அதே பி2இல் வந்து நின்று, அதே மூலைவிட்டத்தில் செக் வைத்தது. எத்தனை அழகான கைமாற்றம்! அடுத்து டி6 சிப்பாயும் வீழ்ந்தது. 31ஆம் நகர்த்தலுடன் கபாபிளாங்கா ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

பக்கம் வழியாகவும் நடு இலக்காகவும் அமைவதால், ‘பக்கவழித் தொடக்கம்’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். ராஜாப்பக்கம், ராணிப்பக்கம் என ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே வழங்கி வருவதால் இது அவர்கள் நாவில் எளிதில் படியும். படையின் பக்கப் பிரிவைக் ‘கை’ என்னும் பழைய வழக்கை ஒட்டிக் ‘கைத்தொடக்கம்’ எனலாம் என்ற யோசனை எனக்கும் பிடித்ததே. எனினும் இன்றைய வாசகர் உடலுறுப்பையே எண்ணுவார். அதிலிருந்து வலங்கை, இடங்கை என்று விரித்தால் சாதிப் பிரிவுகளின் வரலாறு குறுக்கிடும்.

இதன் வகைகளான ரேட்டி தொடக்கம், இங்கிலீஷ் தொடக்கம் ஆகியவை சிறப்புப் பெயர்களாதலால் அப்படியே நிற்கலாம். மந்திரியை பி2, ஜி2 போன்ற கட்டங்களில் அமர்த்தும் ‘ஃபியான்கெட்டோ’வுக்கு மட்டும் ‘மூலைவிட்ட அமர்த்தல்’ பொருந்துமா என நண்பர்கள் ஆராய்ந்து எழுத வேண்டுகிறேன்.