கோத்தகிரி ஏத்தத்துல எஞ்சின் லைட் மின்னுது, கூடவே இஎஸ்பி லைட்டும் வருது, ஏபிஎஸ் மாடியூல் போயிருக்குமாங்க?

கோத்தகிரி_குளிரு:

வணக்கம்ங்க. வண்டி 2020 பிஎஸ்6 பெட்ரோல், 4 சிலிண்டர், மேனுவல், 64 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. போன வாரம் மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வரப்ப செம மழை, குஞ்சப்பனை தாண்டினதும் மூணாவது கியர்ல மிதிச்சா வண்டி திக்கித் திக்கிப் போகுது, புல்லிங்கே இல்ல, மஞ்சள் எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னுது, கொஞ்ச நேரத்துல அந்த வழுக்குற கார் படம் போட்ட இஎஸ்பி (வண்டி வழுக்காமப் பாத்துக்கற சிஸ்டம்) லைட்டும் வந்து நின்னுக்கிச்சு. அதுக்கப்புறம் ஏத்தத்துல வண்டி பின்னாடி உருளாமப் புடிக்கற ஹில் ஹோல்டும் அவுட். வளைவுல பஸ்சுக்கு வழி விட்டு நிறுத்திட்டு எடுத்தா வண்டி பின்னாடி உருளுது, பின்னாடி நின்ன ஜீப்காரர் ஹாரன் அடிச்சே காதைக் கிழிச்சுட்டார்.

வீட்டுக்கு வந்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மின்னுறது நின்னு எஞ்சின் லைட் மட்டும் நிலையா எரியுது. காலைல ஸ்டார்ட் பண்ணா ஸ்டியரிங் வரைக்கும் நடுக்கம். ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன், ஸ்கேனரைக் கையிலயே எடுக்கல, இஎஸ்பி லைட்டைப் பாத்த உடனே "ஏபிஎஸ் (பிரேக் போட்டா வீல் லாக் ஆகாமப் பாத்துக்கறது) மாடியூல், இல்லன்னா வீல் ஸ்பீடு சென்சார்"னு சொல்லி 30 ஆயிரத்துக்கு மேல எஸ்டிமேட் போட்டுட்டாங்க. அப்ப எஞ்சின் நடுங்குதேன்னு கேட்டா "அது தனி, அப்புறம் பாத்துக்கலாம்"ங்கறாங்க. மனசு ஒப்பல. கோயம்புத்தூருக்கு இறக்கிடலாமா, இல்ல இங்கயே பாக்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மலைரோடு_டாக்சி:

ஏங்க, அந்த 30 ஆயிரத்தைப் பத்திரமா வெச்சுக்கோங்க. மழை, ஏத்தம், மிதிச்சா மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் எரியாமப் போறது, மிஸ்ஃபயர்னும் சொல்வாங்க), காலைல நடுக்கம், இத்தனையும் சேந்து வந்தா முக்கால்வாசி பிளக்குக்குக் கரண்ட் குடுக்கற இக்னிஷன் காயில் தான், இல்லன்னா பொறி போடற பிளக். நான் குன்னூர்ல டாக்சி ஓட்டுறேன், மழை மாசம் வந்தாலே ஸ்டாண்டுல யாராவது ஒருத்தர் வண்டி மூணு சிலிண்டர்ல ஓடிட்டு இருக்கும்.

ஒண்ணு கவனிங்க, எஞ்சின் லைட் நிலையா எரியறது வேற, மின்னுறது வேற. மின்னுதுன்னா மிஸ்ஃபயர், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டரையே கெடுக்குற அளவுக்குப் போயிருச்சுன்னு அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போயி கன்வர்ட்டருக்குள்ள எரியும், அது சிவக்கச் சிவக்க சூடாகி உள்ள இருக்கற தேன்கூடே உருகிரும், அப்புறம் அதோட விலையைக் கேட்டா காயில் விலை சும்மா கொசுறு. அதனால மின்னுச்சுன்னா காலை எடுத்துரணும், ஓரமா நிறுத்துங்க, அதுவும் காஞ்ச புல்லு மேல நிறுத்தாதீங்க.

அப்புறம் பேட்டரியும் ஒரு தடவை பாத்துருங்க. டிசம்பர் ஜனவரி உறைபனி காலத்துல பேட்டரி வீக்கா இருந்தாலே எல்லா லைட்டும் திருவிழா மாதிரி எரியும். நிறுத்தி வெச்ச வண்டில 12.5 வோல்ட் பக்கம் இருக்கணும், ஓடுறப்ப 14 பக்கம். பானெட்டைத் தொறந்து எலி ஒயரைக் கடிச்சிருக்கான்னும் பாருங்க, டீ எஸ்டேட் ஓரத்து வீடுன்னா சொல்லவே வேணாம்.

மூடுபனி77:

இதெல்லாம் உயரத்தால வர்றது பாஸ். ஊட்டி 2240 மீட்டர், காத்து கம்மி, அதுல ஸ்பார்க் சரியா வராது. கீழ இறக்குனா தானா சரியாயிரும், எங்க வண்டியும் இப்படித்தான் முக்கும்.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்:

மூடுபனி சார், புல்லிங் குறையுதுன்னு சொன்னா ஒத்துக்கறேன், ஊட்டி உயரத்துல காத்தழுத்தம் கிட்டத்தட்ட கால்வாசி குறைவு, எஞ்சின் அந்த அளவுக்கு சோர்ந்துதான் போகும். ஆனா ஸ்பார்க் விஷயம் நேர் எதிர். சிலிண்டருக்குள்ள அழுத்தம் எவ்வளவு கம்மியோ பிளக் கேப்பை (முனை இடைவெளியை) ஸ்பார்க் தாண்டறதுக்கு அவ்வளவு கம்மி வோல்ட் போதும். ஏத்தத்துல ஏன் மிஸ் ஆகுதுன்னா நீங்க முழுசா மிதிக்கறீங்க, உள்ள அழுத்தம் ஏறுது, காயில் 20 ஆயிரம் 30 ஆயிரம் வோல்ட் தள்ள வேண்டியிருக்கு, அந்த நேரத்துல காயில் பூட்டுல (பிளக் மேல மாட்டற ரப்பர் உறைல) வெடிப்பு இருந்தா கரண்ட் பிளக்குக்குப் போகாம பக்கத்துல இருக்கற இரும்புக்குத் தாவிரும். ஈரம் இருந்தா இன்னும் சுலபமாத் தாவும். அதான் மழை, ஏத்தம் ரெண்டும் சேந்தா காட்டிக் குடுக்குது, சமதளத்துல மெதுவாப் போனா ஒண்ணும் தெரியாது.

கோத்தகிரி சார், உங்க இஎஸ்பி லைட்டுக்கு வர்றேன். வீல் வழுக்குனா இஎஸ்பி என்ன பண்ணும், ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) கிட்ட "பவரைக் குறை"ன்னு கேக்கும். மிஸ்ஃபயர் ஆயிட்டு இருக்கற எஞ்சின் எவ்வளவு இழுவை தருதுன்னு ஈசியுவுக்கே நிச்சயமாத் தெரியாது, அதனால "என் கணக்கை நம்பாதே"ன்னு சொல்லிரும், உடனே இஎஸ்பி தன்னை நிறுத்திக்கிட்டு லைட்டைப் போட்டுரும். ஹில் ஹோல்டும் அதே யூனிட்டுல இருந்து வர்றது, அதுவும் கூடவே படுத்துரும். நெறைய கம்பெனி வண்டில இப்படித்தான். மாடியூல்ல கோளாறே இருக்காது. வீல் ஸ்பீடு சென்சார் போயிருந்தா ஏபிஎஸ்னு எழுதின லைட்டும் எரியும், ஸ்கேன்ல எந்த வீல்னு சி எழுத்துல தொடங்கற கோட் (கோளாறு நம்பர்) வரும், முக்கியமா எஞ்சின் நடுங்காது. ஸ்கேன் பண்ணாம மாடியூலுக்கு எஸ்டிமேட் போடறது என்ன நியாயம்னு எனக்குப் புரியல.

ஸ்டியரிங்குக்குக் கீழ ஸ்கேனர் மாட்டற 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும், ப்ளூடூத் அடாப்டர் ஆயிரம் ரூவாய்க்கு உள்ளயே கிடைக்குது, போன் ஆப்ல கோட் படிச்சுரலாம். பி0300 வந்தா எந்த சிலிண்டர்னு நிச்சயம் இல்லாத மிஸ்ஃபயர். பி0301ல இருந்து பி0304 வரைக்கும் கடைசி நம்பர்தான் சிலிண்டர். பி0351ல இருந்து பி0354 வந்தா காயில் சர்க்யூட், அதாவது காயில் மட்டும் இல்ல, சாக்கெட், ஒயர், எலி எல்லாத்தையும் சந்தேகப்படணும்.

பி0303 வருதுன்னு வைங்க. எஞ்சின் ஆறினப்புறம் இக்னிஷன் ஆஃப் பண்ணிட்டு 3வது சிலிண்டர் காயிலையும் 1வது காயிலையும் இடம் மாத்தி மாட்டுங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு 10 நம்பர் போல்ட்டு தான். சாக்கெட் லாக்கை அவசரப்பட்டு இழுக்காதீங்க, சூட்டுல மொறுமொறுன்னு ஆயிருக்கும், படக்குனு உடையும். டைமிங் செயின் பக்கம் இருக்கறதுதான் பெரும்பாலும் 1. ஆப்ல கோட் நம்பரை அழிச்சுட்டு ஒரு ஏத்தம் ஏத்துங்க. கோட் பி0301ஆ மாறிருச்சுன்னா காயில்தான், கண்ணை மூடிட்டு மாத்தலாம். பி0303லயே நின்னா பிளக்கை இதே மாதிரி மாத்திப் பாருங்க, அதுலயும் நின்னா பெட்ரோல் பீச்சற இன்ஜெக்டர், கடைசியா கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்).

கழட்டுறப்ப பூட்டை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. ரப்பர் மேல பென்சில்ல கோடு இழுத்தாப்புல மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு ஓடியிருந்தா கரண்ட் தாவின தடம் அது. பிளக் குழியில ஆயில் தேங்கியிருந்தா வால்வு கவர் கேஸ்கெட்டும் போச்சு, அதைச் சரி பண்ணாம புதுக் காயில் போட்டா அதுவும் சீக்கிரமே ஊறிப் போயிரும்.

கோத்தகிரி_குளிரு:

அண்ணா ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், எங்க பக்கத்து வீட்டு மாமா பழைய ஜீப் வெச்சிருந்தவர், "எஞ்சினை ஓட விட்டு ஒவ்வொரு காயிலாப் புடுங்கு, எதைப் புடுங்கினா சத்தம் மாறலையோ அதுதான்"ங்கறார். பண்ணலாமா?

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்:

வேணவே வேணாம். மாமா காலத்து ஜீப்ல ஒரே காயில், டிஸ்ட்ரிபியூட்டர், அதுல இருந்து பிளக் ஒயர், அதுக்கு அந்த வைத்தியம் சரி. இதுல காயில் பிளக் மேலயே உக்காந்திருக்கு, ஓடறப்ப இழுத்தா உங்க கைக்கும் ஷாக், ஈசியுவுக்குள்ள காயிலை இயக்கற சர்க்யூட்டுக்கும் ஆபத்து. மல்டிமீட்டர்ல ஓம்ஸ் பாக்கறதும் இந்தக் காலத்துக் காயில்ல அவ்வளவா உதவாது, உள்ளயே எலெக்ட்ரானிக்ஸ் இருக்கு, குளிர்ந்து இருக்கறப்ப நல்ல ரீடிங் காட்டிட்டு சூட்டுல மக்கர் பண்ணும். இடம் மாத்திப் பாக்கறதுதான் நம்பிக்கையானது, காசும் செலவில்ல.

கோயம்புத்தூருக்கு இறக்கறதைப் பத்திக் கேட்டீங்க. இறக்கத்துல ரெண்டாவது கியர்ல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு வந்தா ஈசியு பெட்ரோலையே நிறுத்திரும், மிஸ்ஃபயர் ஆக ஒண்ணும் இருக்காது, கன்வர்ட்டரும் தப்பிச்சுரும். பிரச்சனை மேட்டுப்பாளையத்துக்கு அப்புறம் சமதளத்துல. என்ன ஆனாலும் நியூட்ரல்ல மட்டும் உருட்டாதீங்க, எஞ்சின் பிரேக்கும் கிடையாது, ஐடிலிங்ல நடுங்கி ஆஃப் ஆச்சுன்னா பிரேக் பெடலும் கல்லு மாதிரி ஆயிரும். என்னைக் கேட்டா வண்டியை இறக்க வேணாம், காயிலை ஏத்துங்க. பஸ்ல பார்சல் போட்டா வந்துருது.

கோத்தகிரி_குளிரு:

வந்தது பி0303. மாமா டார்ச் புடிச்சார், நான் காயிலை மாத்தி மாட்டினேன், அரவேணு வரைக்கும் இறங்கிட்டுத் திரும்ப ஏறி வரப்ப எஞ்சின் லைட் மின்னுச்சு, ஓரங்கட்டிப் படிச்சா பி0301! இஎஸ்பி லைட்டும் சொன்ன மாதிரியே கூட வந்துச்சு. அந்தக் காயில் பூட்டுல நீங்க சொன்ன கறுப்புக் கோடு இருந்துச்சு, அடில ஸ்பிரிங்ல பச்சையாத் துருவும். ஆயில் எதுவும் இல்ல, குழி காஞ்சுதான் இருந்துச்சு. புதுக் காயிலுக்குச் சொல்லியாச்சு, 2 ஆயிரத்துச் சொச்சம். கடைக்காரர் 900 ரூவாய்க்கு ஒண்ணு காட்டினார், பாக்க அதே மாதிரிதான் இருக்கு, வாங்கல. நாலையும் மாத்தணுமா, இல்ல ஒண்ணு போதுமாங்க?

மலைரோடு_டாக்சி:

900 ரூவா காயில் அடுத்த மழைக்குத் தாங்காது, வாங்காதது நல்லது. காயில் ஒண்ணு போதும், ஆனா பிளக் நாலும் மாத்திருங்க. சாதா நிக்கல் பிளக்குன்னா 30, 40 ஆயிரத்துலயே தேஞ்சுரும், நீங்க 64ல இருக்கீங்க. தேஞ்சா கேப் அகலமாகும், காயில் இன்னும் அதிக வோல்ட் தள்ளித் தள்ளியே சாகும், உங்க காயில் போனதுக்கே அதுதான் காரணமா இருக்கலாம்.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்:

டாக்சிக்காரர் சொல்றது கரெக்ட். பிளக்கைக் கழட்டறதுக்கு முன்னாடி குழிக்குள்ள காத்தடிச்சு மண்ணை ஊதிருங்க, உள்ள விழுந்தா வேற தலைவலி. மேனுவல்ல போட்டிருக்கற அதே நம்பர் பிளக் வாங்குங்க. பூட்டு உள்பக்கம் டைஎலெக்ட்ரிக் (கரண்ட் கடத்தாத) கிரீஸ் லேசாத் தடவி மாட்டுங்க, ஈரம் இறங்காது. மாட்டிட்டு கோட் நம்பரை அழிச்சுட்டு ஓட்டுங்க, இஎஸ்பி லைட் தானாப் போயிரும். போகலன்னா மட்டும் ஏபிஎஸ் யூனிட்ல தனியா என்ன கோட் இருக்குன்னு படிச்சு இங்க போடுங்க, அதுக்கு அந்த ஆயிரம் ரூவா அடாப்டர் பத்தாது, பெரிய ஸ்கேனர் வேணும்.