தோமியே: ராஜாவை விட்டுவிட்டு வீட்டுக்குள் புகுந்தவரா?

மைப்பெட்டி:
பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர் ஓனொரே தோமியேயைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. 1831-இல் பிரான்ஸ் ராஜா லூயி பிலிப்பைப் பெருந்தீனிக்காரனாக வரைந்தார். ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. தில்லான ஆள்தான், மறுக்கவில்லை. 1835-இல் ராஜாவைக் கொல்ல முயற்சி நடந்தது. அதைச் சாக்கிட்டு, படம் போடவே முன்அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்குப் பிறகு 'ஷாரிவாரி' என்ற கேலிப் பத்திரிகையில் இவருடைய கல்லச்சுப் படங்கள் (கல்லில் வரைந்து அச்சிடுபவை) யாரைக் குத்தின? புருஷன் பெண்டாட்டி சண்டை, வாடகைக்குக் குடியிருப்பவர்கள், 1844-இல் எழுதுகிற பெண்களை நக்கலடித்து 40 படம். அதில் ஒன்றில் அம்மா மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறாள், குழந்தை தலைகுப்புறத் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கிறது. ராஜாவைத் தொட முடியாது என்றதும் கைக்கு எட்டியவள் பெண்தானா?

கரித்துண்டு:
சட்டம் வந்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டார் என்கிறீர்கள். அப்படியானால் 1836 முதல் 1838 வரை வந்த ரோபேர் மக்கேர் வரிசையை எங்கே வைப்பீர்கள்? மக்கேர் நாடக மேடையில் பெயர் பெற்ற ஃபிராடு. அவனை வக்கீலாக, டாக்டராக, பங்கு விற்பவனாக வேஷம் மாற்றி மாற்றி வரைந்தார். ஒரு படத்தில் கூட்டாளி பெர்த்ரானிடம் "பாங்க் ஆரம்பிக்கலாம், கோடானுகோடி மூலதனம்" என்கிறான். போலீஸ் பிடித்தால்? "மடையா, லட்சாதிபதியை எவனாவது கைது செய்வானா?" அன்றைக்கு ஆண்டதே பாங்க்காரர்களின் பணம்தான். ராஜாவின் மூக்கைக்கூட வரையாமல் ராஜாங்கத்தையே வரைந்துவிட்டார், அதுவும் சென்சார் அனுமதியோடு!

இன்னொன்று, படத்துக்கடியில் உள்ள வரிகள் பெரும்பாலும் தோமியே எழுதியதில்லை. மக்கேருக்கு எழுதியது பத்திரிகையை நடத்திய பிலிப்போன். வரியை மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்.

வக்கீல்குமாஸ்தா:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். 1845-இல் தொடங்கிய நீதிமன்ற வரிசையைப் பற்றி யாருமே பேசவில்லையே? கேஸில் தோற்ற கட்சிக்காரரிடம் வக்கீல் சொல்கிறார்: "தோற்றீர்கள், உண்மைதான். ஆனால் நான் வாதாடியதைக் கேட்கும் சுகம் கிடைத்ததே!" சின்ன வயதில் கோர்ட் அமீனா ஒருவரிடம் எடுபிடியாக இருந்தவர் தோமியே. அங்கி மடிப்பைப் பார்த்தாலே தெரியும், கிட்டே நின்று பார்த்த ஆள். எங்கள் ஆபீசில் மாட்டலாமா என்று கேட்டேன், சீனியர் முறைத்தார்.

மைப்பெட்டி:
குமாஸ்தா சார், அந்த வரிசை எனக்கும் பிடிக்கும்.

கரித்துண்டு, வரியை மறைத்துத்தான் பார்த்தேன். குழந்தை அப்போதும் தொட்டிக்குள்தான் கிடக்கிறது.

சென்சார்தான் காரணம் என்றால் 1848-க்கு என்ன சொல்வீர்கள்? புரட்சி வந்தது, ராஜா ஓடினார், பத்திரிகைகளுக்கு விலங்கு கழன்றது. விவாகரத்து கேட்ட பெண்களையும் சோஷலிசம் பேசிய பெண்களையும் இவர் கிண்டல் செய்தது அந்தக் காலத்தில்தான். அதே 1848-இல் குடியரசுக்கு உருவம் கொடுக்கும் போட்டிக்கு என்ன வரைந்தார் தெரியுமா? இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் தாய். பால் கொடுத்தால் குடியரசு, பேனா எடுத்தால் பிள்ளையைக் கவனிக்காத பாதகி!

சந்துமுனை:
எனக்கு இருவர் பேச்சும் கொஞ்சம் அதிகப்படி. படங்களை வெளியிட்டு விற்ற ஒபேரின் கடைக் கண்ணாடிக்கு முன்னால் பாரிஸ் ஜனம் கூட்டமாக நின்று இந்த மாதிரிப் படங்களைப் பார்த்தது. கேலி செய்யும் அளவுக்குப் பெண்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு அந்த 40 படமே சாட்சி. அதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

கரித்துண்டு:
போட்டி ஓவியம் பற்றிச் சொன்னது வலுவான அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு மனுஷன் வாழ்நாளில் 4,000 கல்லச்சுக்குப் பக்கம் வரைந்திருக்கிறார். பத்திரிகைக்குக் கெடு, வீட்டுக்குக் கூலி. ஆசிரியர் கேட்ட தலைப்புக்கு வரைந்து கொடுத்திருப்பார். ஒவ்வொரு கல்லையும் அவர் மனசாட்சியாக எண்ணிவிட முடியுமா?

மைப்பெட்டி:
மக்கேரை வரைந்ததும் அதே கூலிக்குத்தானே? அதை மட்டும் எப்படி அவர் மனசாட்சிக் கணக்கில் எழுதினீர்கள்?