கொஸ்லந்தைப் பக்கத்து மண்சரிவு, பெருமழை நினைவுகள் வேண்டும்

வணக்கம் உறவுகளே. இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை, ஹல்துமுல்லை, பூனாகலைப் பக்கத்தில் நடந்த மண்சரிவு, பெருமழை, காற்று எல்லாவற்றையும் வருடவாரியாகத் தொகுக்கிறேன். உங்கள் உதவி தேவை.

2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தைத் தோட்ட மண்சரிவு எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்து பார்க்க லயமே (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இல்லை. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. 2025 நவம்பர் டித்வா புயலில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்கள் மறுபடி சரிந்தன. ஆனால் அதற்கெல்லாம் முந்திய கதைகள்? அவை பெரியவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன.

எங்கள் லயத்தின் பின்சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் அது எதுவரை வந்திருக்கிறது என்று அப்பா பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதுவார். கடைசிக் கோட்டுக்கு மேல் என் சுண்டுவிரல் நுழையும். அந்தச் சுவர் இப்போது இல்லை, ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை.

இந்த மாதிரித்தான் எனக்கு வேண்டும். பழைய தோட்ட ஆபீஸ்களின் மழைக் கணக்குப் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா? கிளாக்கர் வேலை பார்த்தவர்கள் வீட்டில் கொஞ்சம் தேடிப் பாருங்கள். அப்புறம், தாத்தா பாட்டியிடம் கேட்டு, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கியது, மரம் சாய்ந்தது, எந்த லயத்தை விட்டு எழும்பி வந்தார்கள் என்பதைக் குரல்பதிவாக அனுப்பினாலும் போதும். வருடம் சரியாகத் தெரியாவிட்டால், யாருடைய கல்யாணத்துக்கு முன், பின் என்று சொல்லுங்கள், நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.