பேனருக்கு ரெசலூஷன், பிளீட், சிஎம்ஒய்கே என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா):
தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு 10 அடிக்கு 4 அடி பேனர் போடுகிறோம். போன வருஷ ரதப் படம் வாட்ஸ்அப்பில் வந்தது, அதைத்தான் வைத்தோம். ‘ரெசலூஷன் பத்தாது, பிளீட் இல்லை, சிஎம்ஒய்கேயில் கொடுங்கள்’ என்று பிரிண்டிங் கடையில் திருப்பி விட்டார்கள். அண்ணன், அக்கா யாராவது விளக்குங்களேன். இந்த வருஷமும் ரதம் ராத்திரியில்தான், படம் எடுக்கும் முறையும் வேண்டும்.

பதில் 1:
தம்பி, படம் என்பது புள்ளிகளின் கூட்டம். அதுதான் பிக்சல். ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி விழுகிறது என்பதே டிபிஐ கணக்கு. கடையில் ரெசலூஷன் என்றது இதைத்தான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுமார் 1600 புள்ளி அகலத்துக்குச் சுருங்கிவிடும். 10 அடி என்றால் 120 அங்குலம். வகுத்துப் பார், அங்குலத்துக்கு 13தான் வருகிறது. சாமி முகம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

எடுத்தவரிடமே கேட்டு, மூலப் படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல். 4000க்கு 3000 புள்ளி இருந்தால் 4 அடி உயரத்துக்கு வை. அங்குலத்துக்கு 62 கிடைக்கும். தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு அது போதும். மிச்ச அகலத்தில் எழுத்து. கம்ப்யூட்டரில் டிபிஐ எண்ணை மட்டும் 300 என்று மாற்றுவதால் ஒன்றும் ஆகாது, இல்லாத விவரம் எங்கிருந்து வரும்?

பதில் 2:
பிளீட் என்பது வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் பின்னணி நிறத்தை நீட்டி விடுவது. அழைப்பிதழுக்கு 3 மில்லிமீட்டர். பேனருக்கு எவ்வளவு என்று கடையில் கேள். கயிறு கட்டும் வளையம் ஓரத்தில் அடிப்பார்கள், அதனால் எழுத்தை 3 அங்குலம் உள்ளே தள்ளு.

திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையால்: சயான் என்ற பச்சை கலந்த நீலம், மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கறுப்பு. அதுதான் சிஎம்ஒய்கே. கிளிப்பச்சையும் பளீர் ஆரஞ்சும் மங்கும், மாற்றிப் பார்த்த பிறகே நிறத்தை முடிவு செய்.

தமிழுக்குத்தான் பெரிய ஆபத்து. கடைக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ‘கோயில்’ என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் எழுத்தைத் தேர்ந்து ‘கிரியேட் அவுட்லைன்ஸ்’ கொடு, எழுத்து படமாக மாறிவிடும், பிறகு பிடிஎஃப் ஆக அனுப்பு. அப்புறம் எழுத்துப்பிழை திருத்த முடியாது, முன்பே ஒரு பிரதி வைத்துக்கொள்.

பதில் 3:
ராத்திரி ரதத்துக்குப் போனில் புரோ மோட், அதாவது அளவுகளை நாமே வைக்கும் முறை. ஷட்டர், அதாவது ஒளி உள்ளே விழும் நேரம், 1/100 வினாடி: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் விளக்கு வினாடிக்கு 100 தடவை மின்னும், ஷட்டரை அதைவிட வேகம் கூட்டினால் சீரியல் லைட் பட்டை பட்டையாக விழும். 1/30க்கு இறக்கினால் இழுக்கிறவர்கள் படத்தில் மங்கலாக விழுவார்கள். ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு, 1600இல் தொடங்கு. 3200க்கு மேல் போனால் மணல் தூவினாற்போல இருக்கும். ஃபிளாஷ் வேண்டாம், சாம்பிராணிப் புகைதான் வெள்ளையடிக்கும். ஜூம் செய்யாமல் கிட்டே போ.

கேள்வி கேட்டவர்:
மூலப் படம் கிடைத்தது அண்ணா, 4000க்கு 3000. அச்சடிக்கும் முன் எப்படிச் சோதிப்பது?

பதில் 1:
பேனரின் முழு அளவில் வைத்து, முகம் வரும் பகுதியை மட்டும் ஏ4 அளவுக்கு வெட்டு. பெரிதாக்காமல் சிறிதாக்காமல் அதே அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, 10 அடி தள்ளி நின்று பார். கண் தெளிவாகத் தெரிந்தால் கடைக்குக் கொடு.