ராவே (RAWE, அக்ரி மாணவர்கள் கிராமத்தில் தங்கிக் கற்கும் பயிற்சி) போனப்ப உங்க ஊர்ல என்ன நடந்துச்சு?

தாளடி:
பி.எஸ்சி. அக்ரி கடைசி வருஷம் எல்லாரும் போகும் கிராமத் தங்கல்தான். எங்கள் குழுவுக்கு மன்னார்குடி பக்கம் ஒரு ஊர். புரட்டாசி மாதம். ஒரு பக்கம் குறுவை நெல் அறுப்பு, இன்னொரு பக்கம் அடுத்த போகமான தாளடிக்கு நாற்றங்கால்.

முதல் செயல்விளக்கம் என் தலையில் விழுந்தது. உப்புக் கரைசலில் விதை தேர்வு. வாளித் தண்ணீரில் முட்டையைப் போட்டால் மூழ்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் மேலே வந்து நாலணாக் காசு அகலத்துக்கு வெளியே தெரியும். அந்தப் பதத்தில் விதையைக் கொட்டினால் பதர் மிதக்கும், கனத்த நெல் அடியில் தங்கும். ஊரே சுற்றி நிற்க முட்டையை விட்டேன். உப்பே போடவில்லை, ஜம்மென்று மிதந்தது! பெட்டிக்கடைக் கூமுட்டை. வீட்டுக்கார ஆச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இரு பாப்பா" என்று போய், காலையில் கோழி இட்டதை எடுத்து வந்தார். அது மூழ்கியது.

கூட்டம் கலைந்ததும் ஒரு பெரியவர் கேட்டார்: "வெதையெல்லாம் சரிம்மா. ஈரத்தப் பதினேழுக்கு எறக்க எதாச்சும் வழி வச்சிருக்கியா?"

அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அந்த விதியில் தளர்வு வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அவர் நெல் எட்டு நாளாகப் படுதாவுக்குள். சாயங்காலம் கூடவே போனேன். தார்ரோடு நெடுக நெல். ரெண்டு பேரும் காலால் வரி வரியாகக் கிளறிக்கொண்டே நடந்தோம். குவியலுக்குள் கையை விட்டால் சுட்டது. அள்ளிய கைப்பிடியில் அங்கங்கே வெள்ளையாக முளை. உணவுப் பாதுகாப்புப் பாடத்தில் எனக்கு நல்ல மார்க்தான். ஆனால் பாடம் அறுவடையோடு முடிந்துவிட்டதே! அன்றைக்கு ரெக்கார்டு நோட்டில் 'விதை தேர்வு செய்து காட்டப்பட்டது' என்று மட்டும் எழுதினேன்.

கரிசல்காரன்:
எங்களைப் போட்டது கோவில்பட்டி பக்கம். மானாவாரி. மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் ஊர். உரப் பரிந்துரை அட்டவணையை விரித்தேன். ஒரு சம்சாரி (அந்தப் பக்கம் விவசாயியை அப்படித்தான் சொல்வார்கள்), "மழ பேயலன்னா இந்த யூரியாவ நான் திங்கவா?" என்றார். வாயடைத்துப் போனேன். இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வாரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அக்ரி படித்து, 1960களில் இதே கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே நடக்கும் ஆராய்ச்சி மானாவாரிச் சம்சாரிக்கு உதவாது என்றுதான் வெளியேறினார். அதைக் காலேஜில் யாரும் சொல்லவில்லை. டீக்கடையில் தெரிந்துகொண்டேன்.

தாளடி, அந்த முட்டைக்கு ஆச்சி காசு வாங்கினாரா?

தாளடி:
எங்க வாங்கினார்! மிச்ச உப்பை மட்டும் ஊறுகாய்க்கு எடுத்து வைத்துக்கொண்டார்.