படம் பார்த்துக் கதை சொன்ன பிள்ளைகள்: பெங்களூருத் தமிழர்களின் அனுபவங்கள்

அல்சூர்க்காரி:

சர்ஜாபூர் சாலைப் பக்கம் அடுக்குமாடி எழும்பும் ஓரிடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போகிறேன். தகரக் கொட்டகைகளில் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிக் குடும்பங்கள் உண்டு; ராய்ச்சூர்க்காரர்களும் ஒடிசாக்காரர்களும் உண்டு. எந்த மொழியில் ஆரம்பித்தாலும் பாதிப் பேர் விழிப்பார்கள். படத்தை விரித்தால்தான் எல்லோரும் ஒன்றாகக் குனிவார்கள்.

ஒருநாள் விண்வெளி பற்றிய படப் புத்தகம். கண்ணாடி மூடிய தலைக்கவசத்தோடு ஒருவர் கறுப்பு வானில் மிதக்கிறார். நான் வாயைத் திறக்குமுன் ஐந்து வயதுப் பையன், "இவர் வெல்டிங் செய்கிறவர், அக்கா" என்றான். இடுப்பில் ஏன் கயிறு என்று கேட்டேன். "மேலே வேலை செய்தால் கட்டிக்கொள்ள வேண்டும்." சுற்றிலும் இருப்பவை? "தீப்பொறி." ராய்ச்சூர்ப் பெண் ஒருத்தி, அவ்வளவு உயரத்துக்குச் சாப்பாடு யார் கொண்டுபோவார்கள் என்று கன்னடத்தில் கேட்டாள். லிஃப்ட் உண்டா இல்லையா என்று பெரிய சண்டை. அச்சிட்டிருந்த வாக்கியத்துக்கு அன்று வேலையே இல்லை.

கடைசியில் அவர் விண்வெளி வீரர் என்று சொன்னேன். பையன் அசரவில்லை. அங்கேயும் வெல்டிங் வேலை இருக்கும் என்றான். வீட்டுக்கு வந்து தேடினால், 1984இல் சோவியத் வீராங்கனை ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா, சல்யூட் 7 நிலையத்துக்கு வெளியே வந்து உண்மையிலேயே உலோகத்தைப் பற்றவைத்துச் சோதித்திருக்கிறார்! அடுத்த வாரம் அவர் படத்தைக் காட்டினேன். பையன் "நான்தான் சொன்னேனே" என்பதுபோல் பார்த்தான்.

பிள்ளைகள் கதை கேட்டதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவர்கள் சொன்ன கதை எதையாவது கேட்டிருந்தால் எழுதுங்கள்.

ஜீவன்பீமா நகர் தாத்தா:

கதை என்றில்லை அம்மா, விளையாட்டைச் சொல்கிறேன். என் பேத்திக்கு ஆறு வயது. கூட்டல் கணக்கில் பின்தங்குகிறாள் என்று பள்ளியில் சொல்லி அனுப்பினார்கள். சம்பந்தி அம்மாள் ஊரிலிருந்து கொண்டுவந்த பல்லாங்குழிப் பலகையில் அவளோடு உட்கார்ந்து பாருங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. எந்தக் குழியை எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழும், எங்கே நான்கு சேர்ந்து, எடுத்துக்கொள்ளத்தக்க 'பசு'வாகும் என்று கையை வைக்காமலே பார்த்துவிடுகிறாள். அண்மைக் காலமாக ஏமாற்றவும் தேறிவிட்டாள். காய் போடும்போது ஒரு குழியை நைசாகத் தாண்டுகிறாள். அதைப் பிடிக்க எழுபது காய்களையும் நான் கண்ணிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

மருமகள் இதை ஒரு நேர அட்டவணையில் 'கணிதப் பயிற்சி' என்று எழுதி ஒட்டப் பார்த்தாள். வேண்டாம் அம்மா, அப்படி எழுதினால் நாளையே அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும் என்று தடுத்துவிட்டேன்.

பானஸ்வாடி ஆசிரியை:

ஐயா சொன்ன அட்டவணையை நான் தினமும் பார்க்கிறேன். மழலையர் பள்ளியில் வேலை. மூன்று வயதுப் பிள்ளையின் பையில் எழுதின நோட்டு இல்லை என்று ஒரு தந்தை கோபமாக வந்தார். மூன்றிலிருந்து எட்டு வயது வரை விளையாட்டு வழியாகவே கற்பிக்க வேண்டும் என்று 2022இல் வந்த தேசியக் கலைத்திட்ட ஆவணமே சொல்கிறது. அதை அவரிடம் நீட்டுவதில் பயனில்லை. வகுப்பில் சிறிது நேரம் உட்காருங்கள் என்றேன்.

அன்று பிள்ளைகள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, வாகன நெரிசலுக்குப் பெயர்போன நம் ஊர்ச் சந்திப்பான 'சில்க் போர்டு' விளையாடினார்கள். விதி ஒன்றுதான்: வண்டி நகரக் கூடாது. முன்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான், பின்னால் இருக்கும் 'அம்மா' பொழுதுபோகக் கதை சொல்ல வேண்டும். அவருடைய மகள்தான் அன்றைய அம்மா. வீட்டில் அவர் மனைவி சொல்லும் நரிக் கதையைக் குரல் மாறாமல் சொன்னாள். நடுநடுவே போனில் "வந்துகொண்டே இருக்கிறேன்" என்று பொய்யும் சொன்னாள். மனிதர் சிரித்துவிட்டார். நோட்டுக் கேட்பதை விட்டாரா என்றால், இல்லை. கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

அல்சூர்க்காரி கேள்வி கேட்டுப் படம் காட்டியதற்கு ஆய்வுத் துணையும் உண்டு. 1988இல் அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர், இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோரிடம், வாசித்துக்கொண்டே போகாமல் "இங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்கச் சொன்னார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் மற்றவர்களை முந்தின.

ஹொரமாவு அப்பா:

எல்லாம் சரி, இங்கே தமிழில் படப் புத்தகத்துக்கு எங்கே போவது? கடைகளில் ஆங்கிலம்தான் அடுக்கியிருக்கிறது.

அல்சூர்க்காரி:

இந்த ஊரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். இறக்கி அச்சடித்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. சென்னையின் தூலிகா, தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் உள்ள புத்தகங்களை வெளியிடுகிறது. தமிழ் தெரியாத பக்கத்து வீட்டுப் பிள்ளையும் உட்காருவதாக இருந்தால் அவை வசதி. அச்சடிப்பதானால் தடித்த தாளில் அடியுங்கள். எங்கள் பிள்ளைகள் சிமெண்டுக் கையோடு வருகிறார்கள், மெல்லிய தாள் தாங்குவதில்லை.